சொந்தமாகச் செய்த கால்சியம் ரியாக்டர்: கட்ட ஒரு நாள், வால்வு பழக மூன்று மாதம்

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஸ்ட்ரா வைத்துச் சுண்ணாம்பு நீரில் ஊதியிருப்போம். பால்போல் மாறும் என்று எழுதி மார்க் வாங்கியதோடு அந்தப் பாடம் முடிந்துவிட்டது. ஆனால் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் அந்தப் பால் மறுபடி தெளியும். கால்சியம் கார்பனேட் கரைந்து பைகார்பனேட் ஆகிவிடும். கால்சியம் ரியாக்டர் என்பது இந்த இரண்டாவது பாதிதான், ஒரு பைப்புக்குள். தொட்டித் தண்ணீர் உள்ளே வந்து, வாயுவின் உதவியால் கல்லைக் கரைத்துக்கொண்டு, வால்வு வழியாகத் தொட்டிக்கே சொட்டும்; பவளங்கள் அதை எடுத்து எலும்பு கட்டும்.

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அக்ரோபோரா, மொன்டிபோரா பவளங்கள் எல்லாம் பெருத்ததும், நாள் ஒன்றுக்கு 1.5 டிகேஎச் காரத்தன்மையைக் குடிக்க ஆரம்பித்தன (டிகேஎச் என்பது தண்ணீரில் பைகார்பனேட் எவ்வளவு என்று சொல்லும் அளவு). அதை ஈடுகட்ட இரண்டு பாட்டில் திரவத்தைக் காலையும் மாலையும் அளந்து ஊற்றி அலுத்துவிட்டது. கடையில் ரியாக்டர் விலை கேட்டேன். கேட்டதும் நானே செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டது.

நான்கு அங்குல பிவிசி பைப் அரை மீட்டர். அடியில் மூடியை ஒட்டிவிட்டேன். மேலே ரப்பர் வளையத்தோடு திருகிக் கழற்றும் மூடி. வெளியே ஒரு சின்ன பம்ப், மேலிருந்து தண்ணீரை இழுத்து அடியில் தள்ளிக்கொண்டே இருக்கும். சிலிண்டரிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு குமிழி எண்ணும் குழாய் வழியாகப் பம்பின் உறிஞ்சும் பக்கம் சேரும். உள்ளே அரகோனைட் கல் (அதுவும் கால்சியம் கார்பனேட்தான்), பட்டாணி அளவு. மணல்போல் பொடியாக வாங்கினால் அடைத்துக்கொள்ளும். கல்லைக் கொட்டுமுன் வெறும் தண்ணீர் நிரப்பிக் குளியலறையில் ஒரு நாள் முழுக்க வைத்தேன். விடியற்காலையில் ஒரு மரையில் முத்து முத்தாகக் கசிந்திருந்தது. டெஃப்ளான் டேப்பை இன்னும் நாலு சுற்று சுற்றியதும் நின்றது.

ஓட்டிய மூன்றாம் நாள் பம்ப் கரகரவென்று கத்தியது. கரையாத வாயு மூடிக்கு அடியில் சேர்ந்து, பம்ப் தண்ணீருக்குப் பதில் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. மூடியில் துளையிட்டு மெல்லிய குழாய் ஒன்றைப் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டேன். வாயு சேரச் சேர இழுத்துக் கரைத்துவிடுகிறது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இனிதான் என் முட்டாள்தனம். வெளியே சொட்டும் தண்ணீர் 24 டிகேஎச் காட்டியது. தொட்டியில் இருப்பது 8. வித்தியாசம் 16. நிமிடத்துக்கு 20 மில்லி விட்டால் நாளைக்குச் சுமார் 29 லிட்டர். 16ஐ 29ஆல் பெருக்கி 300ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.5, அதாவது பவளம் குடிக்கும் அளவேதான். இந்தக் கணக்கைப் போட ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது. நான் போடவில்லை. தாராளமாக 40 மில்லி விட்டேன், குமிழியையும் கூட்டினேன். மூன்றே நாளில் 8 என்பது 11.5 ஆனது. அக்ரோபோராவின் நுனிகள் சுட்ட அப்பளத்தின் ஓரம்போல் கருகி, அப்புறம் வெள்ளை எலும்பாக நின்றன. இரண்டு கொத்து போனது.

அதிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு வால்வைத்தான் தொடுகிறேன். குமிழியைத் தொட்டால் சொட்டைத் தொடுவதில்லை. தொட்டபின் இரண்டு நாள் சும்மா இருக்கிறேன். ரியாக்டருக்குள் பிஎச் 6.6 இருந்தால் என் கல்லுக்குப் போதும். ஒருமுறை சொட்டு வால்வு அடைத்து 6.1 வரை இறங்கியது. திறந்து பார்த்தால் உள்ளே கல்லைக் காணோம், கஞ்சிதான் இருந்தது.

இன்னொன்று. ஊருக்குப் போனபோது, ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் இருக்கும் சித்தப்பா, "கல்லுக்கா காசு கொடுக்கிறே? கரையிலே கிடக்கிறதை ரெண்டு சாக்கு அள்ளிட்டுப் போயேன்டா" என்றார். வேண்டாம் சித்தப்பா என்றேன். கல்போல் எலும்பு கட்டும் கடும் பவளங்கள் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த துண்டானாலும் வம்பு. அதோடு மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் முழுகிப்போனதற்கு, சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளம் வெட்டியதும் ஒரு காரணம். சித்தப்பாவே சின்ன வயதில் பவளக்கல் ஏற்றிய வள்ளங்களைப் பார்த்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கருவாடாவது கொண்டு போ" என்றார்.

*

நல்லா எழுதியிருக்கீங்க அண்ணே. நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். என் பாடம் சிலிண்டரில். அழுத்த மீட்டர் முள் மாதக்கணக்கில் 60 பார் பக்கமே நின்றது. நிறைய இருக்கிறது என்று நம்பிவிட்டேன். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அப்படியேதான் நிற்குமாம். திரவம் தீர்ந்தபின் மடமடவென்று விழும். விழும்போது என் மலிவு ரெகுலேட்டர் வெளியே போகும் அழுத்தத்தைக் கூட்டிவிட்டது. இரவில் குமிழி எண்ண முடியாத வேகத்தில் ஓடி, காலையில் தொட்டி பிஎச் 7.5. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தன. இப்போது சமையல் கேஸ்போல எடை போட்டுத்தான் பார்க்கிறேன். பிஎச் இறங்கினால் வாயுவை நிறுத்தும் சொலினாய்டும் மாட்டியாச்சு.

ஒரு சந்தேகம். காலையில் என் தொட்டி 7.9க்கு மேல் ஏறுவதே இல்லை. உங்களுக்கு?

*

எனக்கும் அப்படித்தான் தம்பி இருந்தது. விளக்கணைந்தபின் பாசியும் பவளமும் கார்பன் டை ஆக்சைடை இழுக்காது, ரியாக்டர் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். வெளியே வரும் தண்ணீரை வாயு கொடுக்காத இன்னொரு கல் குழாய் வழியாக விட்டேன், மிச்ச வாயு அங்கே செலவாகிவிடுகிறது. ஆவியான தண்ணீருக்கு ஈடாக இரவில் சுண்ணாம்பு நீர் சொட்டவிடுகிறேன். காலையில் 8.1 நிற்கிறது. சுண்ணாம்பு கூடினால் ரியாக்டரைக் குறைக்க வேண்டும், மறந்துவிடாதே. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு போடலாமா என்று கேட்காதே. அதையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத் தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றியவன் நான்.