ஆறாம் வகுப்பு எழுத்துப் பயிற்சி: யோசனை சொல்லுங்கள்

ஆசிரியர் நண்பர்களுக்கு வணக்கம். தேன்கனிக்கோட்டை பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோதான் பேசுகிறார்கள். புத்தகத்தைப் பார்த்து அழகாக எழுதுவார்கள். சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும்.

அதனால் தினமும் ஐந்து வரி எழுத வைக்கிறேன். என் போனில் கூகுள் கீபோர்டின் மைக்கை அழுத்தி முதலில் பேச விடுகிறேன். "எங்கப்பா மாந்தோப்புக்கு மருந்தடிக்கப் போனார்" என்று ஒரு பெண் சொன்னாள். திரையில் வந்த எழுத்துகளை அவளே விரல் வைத்துப் படித்தாள். அப்புறம் போனை மூடிவிட்டு நோட்டில் எழுத வேண்டும். மூடாவிட்டால் அதுவும் பார்த்து எழுதுவதுதானே! எழுதி முடித்ததும் திரையோடு ஒப்பிட்டு ல, ள, ழ பிழைகளை அவர்களே திருத்துகிறார்கள்.

இங்கே சிக்னல்தான் பெரிய தொல்லை. இணையம் இல்லாமல் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் செயலி எதையாவது வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறீர்களா? கூகுளின் ரீட் அலாங் என்ற வாசிப்புச் செயலியில் கதைகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது வாசிப்புக்குத்தான்.

இன்னொன்று, நோட்டுத் திருத்தம். எல்லாப் பிழையையும் சிவப்பு மையில் சுழித்தால் பிள்ளை மறுநாள் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறது. வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்தலாமா? அப்படிச் செய்தவர்கள் பெற்றோருக்கு என்ன சொல்லிப் புரிய வைத்தீர்கள்?

ஓசூர், கிருஷ்ணகிரியில் யாரிடமாவது ஓடுகிற நிலையில் பழைய டேப்லெட் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.