டிபி மாத்திரையும் ஈரலும்: சாளை மீன் காப்பாற்றுமா?

பேட்டை செல்வி: வீட்டுல டிபி மாத்திரை ஓடுது. ஈரல் பாதிப்பைக் காட்டுற ரத்தப் பரிசோதனை, எஸ்ஜிபிடி, 70. மீன் எண்ணெய்ல இருக்குற ஒமேகா-3 கொழுப்பு ஈரலைக் காக்கும்னு சொல்றாங்க. உவரிச் சாளையை வாரம் நாலு நாள் குழம்பு வைக்கலாமா? ஆளி விதையும் சேர்க்கணுமா?

பாளை மருந்தாளர்: அக்கா, மருந்துப் பாதிப்புல இருந்து மீன் எண்ணெய் ஈரலைக் காத்ததெல்லாம் பெரும்பாலும் எலி ஆய்வுகளில்தான். மனுசருக்கு டிபி மருந்தோட பாதிப்பைத் தடுக்கும்னு நிரூபணம் இல்லை. மீன் சத்துக்காகச் சாப்பிடட்டும், காப்புன்னு நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க. 70-க்காக மாத்திரையை நீங்களா நிறுத்தவும் கூடாது. டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டைக் காட்டுங்க. அறிகுறி இல்லைன்னா எஸ்ஜிபிடி இயல்பின் உச்ச அளவைப் போல 5 மடங்கு, வாந்தி, பசியின்மை, காமாலை இருந்தா 3 மடங்கு: அங்கதான் பொதுவா டாக்டர் மாத்திரையை நிறுத்துவாங்க. டிபி மாத்திரைகள்ல ஒண்ணான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சாக்கும், அது காமாலை இல்லை. கண்ணின் வெள்ளையைப் பாருங்க. அது மஞ்சளானா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

தாமிரபரணிக்காரன்: அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா இதுல மீன்தான் எனக்குக் கவலை. இன்னொரு டிபி மருந்தான ஐசோனியசிட், ஹிஸ்டமினை (அலர்ஜி மாதிரி அறிகுறி தர்ற பொருள்) உடைக்கும் நொதியைத் தடுக்கும். ஐஸ் இல்லாமக் கிடந்த சூரை, சாளை, அயிலையில ஹிஸ்டமின் ஏறிடும். கொதிக்க வச்சாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு வரும். அலர்ஜின்னு நினைச்சுருவாங்க. மாத்திரை முடியுற வரை சூரையும் கருவாடும் வேண்டாம். சாளைன்னா ஐஸ்ல வந்ததை வாங்கி அன்னைக்கே சமைங்க.

பாளை மருந்தாளர்: அதைச் சொன்னது நல்லதாப் போச்சு. ஆளி விதைக் கொழுப்புல ரொம்பக் கொஞ்சம்தான் மீன்ல இருக்குற வகையா உடம்புல மாறும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் டாக்டரைக் கேட்டே கொடுங்க. மது சொட்டுக்கூட ஆகாது.