விலா குருத்தெலும்பு அழற்சி வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கீழ்வீதி:
காஸ்டோகாண்ட்ரைடிஸ், அதாவது இந்த விலா குருத்தெலும்பு அழற்சி, எனக்கு வந்தது போன மார்கழியில். இரண்டு வாரமாக விடாத இருமல், அப்புறம் ஒரு நாள் ராத்திரி 2 மணிக்குப் புரண்டு படுத்தபோது இடது மார்பில் சுருக்கென்று குத்தியது, மூச்சை இழுத்தால் இன்னும் அதிகம். அதற்கு முன்பே இரண்டு கிளினிக்கில் வாய்வுப் பிடிப்பு என்று கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இசிஜி, எக்ஸ்ரே, சில மணி நேரம் விட்டு இரண்டு தடவை ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), எல்லாம் நார்மல். டூட்டி டாக்டர், சின்னப் பெண், நெஞ்செலும்பின் ஓரமாக ஒவ்வொரு விலாவாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார், நான்காவது விலா வந்து சேரும் இடத்தில் கத்திவிட்டேன். "ராத்திரி வந்த வலி இதேதானா?" என்றார். இதேதான். அந்த விரல் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. முதல் இரண்டு கிளினிக்கிலும் யாரும் என்னைத் தொட்டே பார்க்கவில்லை.

செவ்வந்தி:
அண்ணா, அழுத்திப் பார்ப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். என் அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. அழுத்தினால் வலிக்கிறது, தசைப்பிடிப்புதான் என்று இசிஜி எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை கோலப்பொடி டப்பாவோடு வாசலிலேயே சாய்ந்துவிட்டார், புடவை முழுக்க வியர்வை. ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினோம். மாரடைப்பு வந்தவருக்கும் நெஞ்சை அழுத்தினால் வலிக்கலாம், இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பளு தூக்கி:
எனக்கு பெஞ்ச் பிரஸ் செய்து வந்தது, நான்கு மாதம் படுத்தியது. செவ்வந்தி சொல்வது சரிதான், ஆனால் இசிஜி நார்மல் என்று தெரிந்த பிறகும் ஒவ்வொரு குத்தலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள், அல்சரோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். டைக்ளோஃபினாக் ஜெல், வெந்நீர் ஒத்தடம், இரண்டும் எனக்குக் கேட்டது. தண்டால், குடம் தூக்குவது, குழந்தையை ஒரே இடுப்பில் வைத்துக்கொள்வது எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். இருமல் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள், ஒவ்வொரு இருமலும் அதே மூட்டைத்தான் இழுக்கிறது. கூனி உட்கார்ந்து போன் பார்ப்பதைக் குறையுங்கள். வலி தணிந்த பிறகு அறை மூலையில் நின்று இரண்டு சுவரிலும் கை ஊன்றி மெதுவாக நெஞ்சை விரியுங்கள், குத்தினால் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் சில வாரத்திலோ சில மாதத்திலோ தானாகப் போய்விடும்.

தையல் மிஷின்:
எனக்கு வலியோடு வீக்கமும் இருந்தது, இரண்டாவது விலாவில் நெல்லிக்காய் அளவு. புற்றுநோய் என்றே முடிவு செய்து மகளிடம் நகை இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டீட்ஸே என்றார்கள். 1921ல் அந்தப் பெயருள்ள ஜெர்மன் டாக்டர் எழுதி வைத்த நோயாம். வீங்கினால் அது, வீங்காமல் வலித்தால் உங்களுடையது.

கீழ்வீதி:
செவ்வந்தி, எனக்கு முதலில் இசிஜி எடுத்துவிட்டுத்தான் விரலை வைத்தார்கள், அதை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?