விதை இறங்காத குழந்தைக்கு ஹார்மோன் ஊசி பலன் தருமா?

கேள்வி: கம்பம்வாசி

வணக்கம். நாங்கள் கம்பத்தில் குடியிருந்துகொண்டு, மலைக்கு மேலே வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய் வருகிறவர்கள். எங்கள் ஆண் குழந்தைக்கு இப்போது நான்கு மாதம் முடிகிறது. நிறைமாதத்தில்தான் பிறந்தான். பிறந்த அன்றே, இடப்பக்க விதை பைக்குள் இல்லை என்றும், ஆறு மாதம் வரை பார்த்துவிட்டு அப்போதும் இறங்காவிட்டால் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும் என்றும் மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஆண்குறி இயல்பாக இருக்கிறது. சிறுநீர்த் துவாரம் நுனியில்தான் உள்ளது.

உறவினர் ஒருவர், இது ஹார்மோன் குறைவு, ஊசி போட்டால் தானாக இறங்கிவிடும், கத்தி வைக்கவே வேண்டாம் என்று அடித்துச் சொல்கிறார். என் மாமியார் எண்ணெய் தடவி நீவிவிடச் சொல்கிறார். மனைவியின் கவலை வேறு. கருவுற்று இரண்டு மாதம் ஆகும்வரை அவள் காய் எடுக்கப் போனாள். அந்த நாட்களில் தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இப்படி ஆயிற்றோ என்று மனம் நொந்துபோயிருக்கிறாள். ஆண் உறுப்பு உருவாவதில் ஹார்மோனுக்கு என்ன பங்கு, அது எந்த மாதத்தில் நடக்கிறது, இப்போது ஊசி போட்டால் பலன் உண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், செங்கோட்டை

தம்பி, ஊசியைப் பற்றி மருத்துவர்கள் சொல்லட்டும். உறுப்பு எப்படி உருவாகிறது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன்.

கருத்தரித்து ஏறத்தாழ ஆறு வாரம் வரை ஆண் கருவையும் பெண் கருவையும் உறுப்பை வைத்துப் பிரித்தறிய முடியாது. விதையாகவோ சினைப்பையாகவோ மாறக்கூடிய ஒரு பொதுச் சுரப்பி, அதன் அருகே வுல்ஃபியன் (ஆண் வழிக்கானது), முல்லேரியன் (பெண் வழிக்கானது) என்னும் இருவகை நாளங்கள், வெளியே ஒரு சிறு மேடு, அதன் இருபுறமும் மடிப்புகள் என்று, இரண்டு வழிக்கும் வேண்டிய எல்லாமே எல்லாக் கருவிலும் இருக்கின்றன. ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்.ஆர்.ஒய். மரபணு (1990இல் அடையாளம் காணப்பட்டது) அந்தப் பொதுச் சுரப்பியை விதையாகும் வழியில் திருப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதில் பெரும்பகுதி விதை சுரக்கும் ஹார்மோன்களின் வேலை.

இதை நிறுவிக் காட்டியவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட். 1940களில் அவர் தாய் முயலின் கருப்பைக்குள் இருந்த கருக்களிலிருந்து விதைச் சுரப்பியை நீக்கிப் பார்த்தபோது, ஆண் குரோமோசோம் கொண்டவையும் பெண் உறுப்புகளோடு வளர்ந்தன. விதைக்குப் பதிலாக டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை மட்டும் வைத்தபோது ஆண் நாளங்கள் நிலைத்தன. ஆனால் பெண் நாளங்களும் மறையாமல் கிடந்தன. ஆகவே விதையிலிருந்து இன்னொரு பொருளும் வருகிறது என்று அவர் முடிவு செய்தார். இன்று அதை முல்லேரியன் எதிர் ஹார்மோன் என்கிறோம். விதையில் செர்டோலி செல்கள் அதைச் சுரந்து, கருப்பையாக வேண்டிய நாளத்தைக் கரைத்துவிடுகின்றன. லேடிக் செல்கள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் மற்ற நாளத்தைக் காப்பாற்றி விந்துக் குழாயாகவும் விந்துப் பையாகவும் வளர்க்கிறது.

வகுப்பில் நான் மிகவும் ரசித்துச் சொல்லிக்கொடுத்த பகுதி இனிமேல் வருவதுதான். வெளி உறுப்புக்கு டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போதாது. அந்த இடத்துத் திசுவில் உள்ள ஒரு நொதி அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் வீரியம் மிக்க வடிவமாக மாற்றினால்தான், மேடு ஆண்குறியாக நீளும், மடிப்புகள் அடியில் ஒட்டிச் சிறுநீர்த் தாரையாக மூடும், பக்கத்து வீக்கங்கள் நடுவில் சேர்ந்து விதைப்பையாகும். அந்த நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெருகியதும் ஆண்குறி வளரக் கண்டதை 1974இல் ஆய்வாளர்கள் விவரித்தார்கள்.

இவையெல்லாம் சுமார் எட்டாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் விதையைச் சுரக்கச் சொல்லி ஆணையிடுவது பெரும்பாலும் நஞ்சுக்கொடியின் ஹார்மோன். குழந்தையின் சொந்தப் பிட்யூட்டரி (மூளையின் அடியிலுள்ள சுரப்பி) பிறகுதான் பொறுப்பேற்கிறது. பிட்யூட்டரி சரியில்லாத குழந்தைக்கு ஆண்குறி முழு வடிவத்தில் இருந்தும் அளவில் மிகச் சிறியதாக இருப்பது இதனால்தான். வடிவம் முதல் மூன்று மாதத்தின் கணக்கு, வளர்ச்சி பிந்தைய மாதங்களின் கணக்கு.

விதை இறங்குவது தனிக் கதை. அது உருவாவது வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்கு அருகில். முதற்கட்டத்தில், எட்டு முதல் பதினைந்தாம் வாரம் வரை, லேடிக் செல்களின் இன்னொரு ஹார்மோன் ஒரு தசைநாரைத் தடிக்கச் செய்து விதையைத் தொடை இடுக்கின் அருகே கொண்டுவந்து நிறுத்தும். இரண்டாம் கட்டத்தில், இருபத்தைந்தாம் வாரத்துக்குப் பின், டெஸ்டோஸ்டிரோனின் துணையோடு அது இடுக்குக் குழாய் வழியாகப் பைக்குள் வரும். உங்கள் மகனுக்குக் குறியும் துவாரமும் ஒழுங்காக அமைந்திருக்கின்றன, வலப்பக்கம் இறங்கியும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் ஹார்மோன் இரு பக்கத்துக்கும் பொது என்பதால், மொத்தமாக ஹார்மோன் குறைவு என்று உறவினர் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

பதில்: குழந்தை மருத்துவர், பாலக்காடு எல்லைப் பகுதி

ஆசிரியர் ஐயா எழுதியது சரி. பிறப்புக்குப் பின் நடப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண் குழந்தைக்கு ஒன்று முதல் மூன்று மாத வயதில் டெஸ்டோஸ்டிரோன் ஒருமுறை நன்றாக உயர்ந்து, ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. இறங்காத விதைகளில் கணிசமானவை இந்தக் காலத்தில் தாமாகவே இறங்குகின்றன. ஆறு மாதத்துக்குப் பின் இறங்குவது அரிது. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் மூவருக்கு இந்தக் குறை இருந்து, ஓராண்டு முடிவில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைகிறது. உங்கள் மருத்துவர் ஆறு மாதம் என்று எழுதியதற்குக் காரணம் இதுவே.

ஊசியைப் பொறுத்தவரை, ஒரு காலத்தில் அது பரவலாகப் போடப்பட்டது உண்மை. பலன் குறைவு, இறங்கியது மீண்டும் மேலே போவதும் உண்டு என்பதால், 2014இல் வெளியான அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் விதையை இறக்குவதற்கு ஹார்மோன் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. நானும் கொடுப்பதில்லை. கருவில் அதற்குரிய வாரங்களில் ஹார்மோன் செய்ய வேண்டிய வேலையை, தசைநார்கள் எல்லாம் அமைந்து முடிந்த பிறகு ஊசியால் செய்துவிட முடியாது. ஆறு மாதத்தில் இறங்கவில்லையென்றால் ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து விதையைப் பையில் வைத்துத் தைத்துவிட வேண்டும். பையின் உள்வெப்பம் உடலைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவு. வெப்பத்திலேயே கிடக்கும் விதையில் பிற்காலத்தில் விந்தணுவாக வேண்டிய செல்கள் குறையத் தொடங்கும். பிற்காலப் புற்றுநோய் அபாயமும் சற்றுக் கூடும். விதை பையில் இருந்தால் கட்டியைக் கையால் தொட்டே கண்டுபிடித்துவிடலாம்.

ஸ்கேன் எடுக்கச் சொல்லி யாராவது அலையவிட்டால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். நிபுணரின் கைதான் இதில் ஸ்கேனைவிட நம்பகமானது. வெதுவெதுப்பான அறையில் குழந்தையைப் படுக்கவைத்து, கையைச் சூடுபடுத்திக்கொண்டு, இடுப்பெலும்பின் ஓரத்திலிருந்து விரலை மெல்ல வழித்துக் கீழே கொண்டுவருவார். குளிர்ந்த கை பட்டால் இறங்கிய விதையும் மேலே ஏறிக்கொள்ளும். அதை இறங்காதது என்று தவறாக எண்ணிவிடுவதுண்டு.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கு இரண்டு விதையுமே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறால் ஆண் ஹார்மோன் மிகுந்து, ஆண் போலத் தோன்றும் பெண் குழந்தையாக அது இருக்கலாம். அப்படியானால் இரண்டாவது வாரத்திலேயே உடலில் உப்புக் குறைந்து உயிருக்கு ஆபத்து வரும்.

பதில்: மாந்தோப்பு விவசாயி, முதலமடை

சகோதரி மனம் நொந்திருப்பதாக எழுதியதால் பூச்சிமருந்து பற்றி மட்டும் சொல்கிறேன். நம் கேரளத்திலேயே இதற்கு ஓர் ஆய்வு உண்டு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்களே, அதன் அடிவாரக் கிராமத்தில் 10 முதல் 19 வயதுக்குட்பட்ட 117 பையன்களையும், தெளிப்பு இல்லாத இடத்துப் பையன்கள் 90 பேரையும் ஒப்பிட்டு 2003இல் வெளியிட்டார்கள். தெளிப்புக்கு ஆளானவர்களுக்குப் பருவ வளர்ச்சி தாமதமாகவும் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவும் இருந்தது. விதை இறங்காமை, குடலிறக்கம் போன்ற பிறவிக் குறைகள் தெளிப்புக்கு ஆளானவர்களில் நூற்றுக்கு 5.1, மற்றவர்களில் 1.1, ஆனால் அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்று அந்த ஆய்வே சொல்கிறது. எண்டோசல்பானுக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

எனவே மருந்து ஹார்மோனைக் குலைக்கும் என்ற அச்சம் ஆதாரமற்றது அல்ல. ஆனாலும் ஒரு குழந்தையைக் காட்டி இதனால்தான் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆசிரியர் சொன்ன வாரக் கணக்கைப் பாருங்கள்: சகோதரி தோட்டத்தை விட்டு நின்ற பிறகுதான் இறங்கும் வேலையில் பெரும்பகுதி நடக்கிறது. பழியை அவர் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. கர்ப்பிணிகளை மருந்து அடித்த வரிசையில் இறக்குகிற மேஸ்திரிகளைக் கேட்க வேண்டிய கேள்வி இது.

கம்பம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஊசி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். எண்ணெய் தடவி நீவுவது மட்டும் வீட்டில் ஓயவில்லை. அதனால் கெடுதல் உண்டா?

பதில்: குழந்தை மருத்துவர், பாலக்காடு எல்லைப் பகுதி

குளிப்பாட்டும்போது உடம்புக்கு எண்ணெய் தேய்க்கட்டும், தவறில்லை. தொடை இடுக்கை மட்டும் அழுத்தி நீவக் கூடாது. விதை இறங்காத பக்கத்தில் குடலிறக்கத்துக்கான வழியும் திறந்தே இருப்பது வழக்கம். அழும்போது அந்த இடுக்கில் புடைப்பு தெரிந்து, அழுகை நின்றதும் அமுங்கினால், ஆறு மாதத்துக்குக் காத்திராமல் இப்போதே நிபுணரிடம் காட்டுங்கள். புடைப்பு அமுங்காமல் கெட்டியாகி, குழந்தை வாந்தி எடுத்தால் அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். பிறந்தபோது கொடுத்த சீட்டு மலையாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை, தேனிக்குப் போனாலும் அதைக் கையோடு கொண்டுபோங்கள்; பிறந்த அன்று விதை எந்த இடத்தில் தட்டுப்பட்டது என்ற குறிப்பு அறுவை மருத்துவருக்குத் தேவைப்படும்.