மறுபடி வரும் வெள்ளிக் கோடு: ஒரு ஷிஃப்ட் கற்றதை அடுத்த ஷிஃப்டுக்கு எப்படிக் கொண்டுபோகிறீர்கள்?

வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ், ஜூரோங் பக்கம் பிளாஸ்டிக் மோல்டிங் லைன் பார்க்கும் அண்ணன்மார், அக்காமார் உதவ வேண்டும்.

பாலிகார்பனேட் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் வார்க்கும் கவரின் மேல் வெள்ளி நிறத்தில் கோடு விழுகிறது. காரணம் பிளாஸ்டிக் குருணையில் உள்ள ஈரம்தான். 120 டிகிரியில் 3, 4 மணி நேரம் உலர்த்தி, ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கோடு போய்விடுகிறது. டிரையர் ஃபில்டரில் தூசி அடைத்தால் திரை 120 என்றே காட்டும். உள்ளே குருணைக்குச் சூடு போய்ச் சேராது. பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலின் சூட்டைக் குறைத்துக் கோட்டை மறைப்பது ஆபத்து. ஈரத்தில் உருகிய பிளாஸ்டிக் வலுவிழந்துவிடும், பார்க்க நன்றாக இருக்கும் கவர் கீழே விழுந்ததும் விரிசல் விடும்.

இத்தனையும் 8டி அறிக்கையில் (பிரச்சினையின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படியாக எழுதும் அறிக்கை) இருக்கிறது, ஆங்கிலத்தில், ஆபீஸ் அலமாரியில். இரவு ஷிஃப்டில் இருப்பவர்கள் தமிழ், வங்காளம், மாண்டரின், பர்மிய மொழி பேசுகிறவர்கள். சுத்தமான ஃபில்டர், அடைத்த ஃபில்டர் என்று இரண்டு படத்தோடு ஒரு பக்கப் பாடம் டிரையர் கதவில் ஒட்டியாகிவிட்டது. சில வாரத்தில் அது சுவரோடு சுவராகிவிடுகிறது. கையெழுத்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதியவர் ஃபில்டரைத் தானே கழற்றிக் காட்ட வேண்டும்.

ஷிஃப்ட் மாறும் 10 நிமிடத்தில் இதை யார் சரிபார்க்கிறார்கள், லைன் லீடரா, டெக்னீஷியனா? பாடத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? ஃபில்டர் அடைத்தால் மெஷினே நிற்கும்படி பிரஷர் சுவிட்ச் வைத்தவர்கள் உண்டா? படிவம் இருந்தால் கம்பெனி பெயர், பார்ட் நம்பரை மறைத்துவிட்டுப் போடுங்கள்.