எமில் கதையை வாரத்துக்கு ரெண்டு அத்தியாயம்னு நறுக்கணுமா?

ம்யூனிக்_அப்பா:
பையன் நாலாங்கிளாஸ். ஸ்கூல்ல எரிக் கேஸ்ட்னரோட 'எமிலும் துப்பறிவாளர்களும்' நடத்துறாங்க, 1929ல வந்த புக்கு, ஜெர்மனில இன்னும் கிளாஸ்ல ஓடுது. புக்கு சூப்பர். நடத்துற விதம்தான் கடுப்பு. வாரத்துக்கு ரெண்டு அத்தியாயம், அதுக்கு மேல வீட்ல படிக்கக் கூடாதாம், கூடவே கேள்வித்தாள். பாட்டிகிட்ட குடுக்கச் சொல்லி அம்மா தந்த பணத்தை பெர்லின் போற ட்ரெயின்ல எமில் டாய்லெட்டுக்குப் போயி கோட்டுக்குள்ள குண்டூசியால குத்தி வைப்பான்ல, அதுக்கு தாள்ல கேள்வி: "இந்த ஊசி பின்னாடி எப்படி உதவும்?" முடிஞ்சுது போங்க. நோட்டுல இருக்கற ஊசி ஓட்டைதான் கடைசில சாட்சியே, அதை இப்பவே காட்டிட்டா அப்புறம் என்னத்த துப்பறியறது?

ரீச்சரம்மா_டோர்ட்முண்ட்:
தம்பி, நான் இந்தப் புத்தகம் படிப்பிக்கிறனான். இது ஆர் கள்ளன் எண்டு கண்டுபிடிக்கிற கதையே இல்லை. ரயிலில எமில் நித்திரையால எழும்பேக்க காசும் இல்லை, முன்னால இருந்த தொப்பிக்கார குருண்டைஸும் இல்லை, பிறகென்ன. எப்பிடிப் பிடிக்கிறது, எப்பிடி நிரூபிக்கிறது எண்டதுதான் கதை. என்ர வகுப்பில கனபேருக்கு வீட்டில துருக்கி, அரபு, தமிழ். ஊசியைப் பற்றிக் கேக்காமல் விட்டா கடைசியில கள்ளன் அந்தக் காசை மாத்தப் போற வங்கிக் கட்டம் வரேக்க "எந்த ஊசி ரீச்சர்?" எண்டு முழிப்பாங்கள்.

ம்யூனிக்_அப்பா:
அக்கா, அத்தனை வாரம் இழுத்தா மறக்கத்தான் செய்யும், அது புள்ளைங்க தப்பா டைம்டேபிள் தப்பா? ஒரே வாரத்துல சத்தமா வாசிச்சு முடிங்க, எவனும் மறக்க மாட்டான். நிரூபிக்கறதுதான் கதைன்னு நீங்களே சொல்றீங்க. நூறு மார்க் நோட்டு ஒண்ணு, இருபது மார்க் ரெண்டுன்னு பேங்க்ல எமில் சொல்றான், அதை யாரு வேணா சொல்லலாம்ல, அப்பதான் அவனுக்கே ஊசி ஞாபகம் வருது, கேஷியர் நோட்டை வெளிச்சத்துல தூக்கிப் பாக்கறாரு. எமிலுக்கே அந்த நிமிஷம்தான் பொறி தட்டுது, என் பையனுக்கு மட்டும் அட்வான்ஸா தெரியணுமா?

கோவை_மணி:
நடுவுல வர்றேன் மன்னிக்கணும். எனக்கு இந்தக் கதையே பழசாத் தெரியுதுங்க. எமிலுக்கு உதவற பெர்லின் பசங்கள்ல டியன்ஸ்டாக்னு ஒரு பொடியன், மத்தவனெல்லாம் திருடன் பின்னாடி ஓடறப்ப இவன் மட்டும் வீட்ல போன் பக்கத்துலயே உக்காந்து கிடப்பான். லேண்ட்லைனே பாக்காத பசங்களுக்கு அது என்னன்னு புரியும்?

ரீச்சரம்மா_டோர்ட்முண்ட்:
மணி அண்ணை, அவனைத்தான் பிள்ளையளுக்கு நல்லா விளங்கும். விளையாட்டில சேர்க்காம ஓரமா இருத்திவிடப்பட்ட பிள்ளை எல்லா வகுப்பிலயும் இருக்கும். கடைசியில எமிலின்ர பாட்டி எல்லாருக்கும் முன்னால அவனைத்தான் புகழுவா.

தம்பிக்கு: சரி, ஊசிக் கேள்வியை எடுத்துவிடுறன். ஆனா எமில் ஏன் பொலிசிட்ட போகேல்ல எண்ட இடத்தில நான் நிப்பாட்டித்தான் கேப்பன். ஊரில சிலைக்கு மீசையும் சிவப்பு மூக்கும் கீறினவன், அந்தப் பயம். களவு குடுத்த பிள்ளையே குற்றவாளி மாதிரி ஒளிக்குது. ஒரே மூச்சில வாசிச்சா அதில ஆர் நிண்டு யோசிப்பினம்?

ம்யூனிக்_அப்பா:
அந்த இடத்துல நிறுத்துறது ஓகே. அங்க நிறுத்தினா கதை உடையாது, பசங்க சண்டை போட்டுப் பேசுவாங்க. என் கேஸ் என்னன்னா எதை மறைச்சு வெச்சு எழுதியிருக்காரோ அதைத் தோண்டாதீங்கன்றதுதான். அப்புறம் அந்த 'முன்னாடி படிக்காதே' ரூல், அதைத் தூக்குங்க. படிக்காதேன்னு சொல்ற கிளாஸ்ல எதுக்குங்க கதைப்புக்கு?

ரீச்சரம்மா_டோர்ட்முண்ட்:
முன்னுக்கு வாசிச்ச பிள்ளை மற்றதுகளுக்குச் சொல்லிப்போடும், அதுதான் அந்த விதி. அதை விட ஏலாது.

கோவை_மணி:
கடைசி அத்தியாயத்துல பெரியவங்க எல்லாம் இதுல என்ன பாடம்னு கேப்பாங்களே, அம்மா புள்ளைங்கள தனியா அனுப்பக் கூடாதும்பாங்க, பாட்டி மட்டும் பணத்தை மணியார்டர்ல அனுப்புங்கடான்னு முடிச்சிடும். நீதி கேக்கற ஆளுங்களை கேஸ்ட்னரே நல்லா கலாய்ச்சிருக்காரு.

ரீச்சரம்மா_டோர்ட்முண்ட்:
ஓம், ஆர் சொன்னது சரி எண்டதுதான் என்ர கடைசிக் கேள்வித்தாள்.

ம்யூனிக்_அப்பா:
அதுக்கும் கேள்வித்தாளா!