மறுமொழி: ‘மெடிக்கல் மால்பிராக்டிஸ்’ – ‘மருத்துவக் கடமைத்தவறு’ எனலாமா?

வணக்கம் நண்பர்களே,

மருத்துவர் நோயாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதையும் தவறாகச் செய்வதையும் ஆங்கிலத்தில் ‘மெடிக்கல் மால்பிராக்டிஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று பேசிப் பேசி நம் இழை நீண்டுவிட்டது. எல்லா மடல்களையும் படித்தேன், ஆனால் எனக்குள் நின்றுபோன இரண்டுக்கு மட்டும் இப்போது பதில் எழுதுகிறேன்.

> மருத்துவ முறைகேடு என்று செய்திகளில் ஏற்கெனவே வருகிறதே, புதிதாக எதற்கு ஒரு சொல்?

> ‘வழு’ இருக்கும்போது ஏன் அலைய வேண்டும்? மருத்துவ வழு. இரண்டே சொல்லில் முடிந்தது.

முதலில் ‘முறைகேடு’. நோயாளிகளுக்கான சட்ட உதவிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதன் முதல் வரைவில் நானும் ‘முறைகேடு’ என்றுதான் போட்டிருந்தேன். அறுவைச் சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் கணவரை இழந்த ஓர் அம்மாவிடம் அதைப் படிக்கக் கொடுத்தேன். அவர் ஒரு துணிப்பையில் மருத்துவமனைக் காகிதங்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். அதில் செவிலியர் மணிக்கொரு தடவை குறிக்கும் தாளும் இருந்தது: காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம். இரவு 2 மணி முதல் 5 மணி வரை கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அந்த வெற்றுக் கட்டங்களை விரலால் தடவித் தடவிக் காட்டினார். பிறகு கையேட்டை எடுத்து நாலு வரி படித்துவிட்டு, “அந்த டாக்டர் நல்ல மனுஷர்தான், காசுக்கு ஆசைப்பட்டு எதுவும் செய்யலை. முறைகேடுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க” என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முறைகேடு என்றால் நம் காதில் விழுவது பணம், ஊழல், கள்ளக் கணக்கு. அந்த மருத்துவர் மீது அப்படி எதையும் அவர் சுமத்த விரும்பவில்லை. சட்டமும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் யாரும் வந்து பார்க்காதது ஏன் என்றுதான் அது கேட்கும். சொல் தவறியதால் கேள்வியே அவருக்குப் போய்ச் சேரவில்லை. அன்றைக்கே அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

‘அலட்சியம்’ என்பதிலும் இதே தொல்லைதான். அது மனநிலையைச் சொல்லும் சொல். இராத்திரி முழுக்கக் கண்விழித்து, அக்கறையோடு ஓடியாடிய மருத்துவரும் செய்தே ஆக வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டிருக்கலாம். இழப்பீட்டு வழக்கில் அளக்கப்படுவது அவர் செய்ததும் செய்யாததும்தான். அவர் உள்ளத்தில் அக்கறை இருந்ததா என்பது அங்கே அளவுகோல் அல்ல.

‘கவனக்குறைவு’ நல்ல சொல். அதை ‘நெக்லிஜென்ஸ்’ என்பதற்கே வைத்துக்கொள்வோம். ஆனால் மால்பிராக்டிஸ் முழுவதையும் அது தாங்காது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992இல் தீர்த்த ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர் வழக்கைப் பாருங்கள். விட்டேக்கர் என்ற பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே வலக்கண்ணில் பார்வை அநேகமாக இல்லை. அந்தக் கண்ணில் அறுவை நடந்தது, திறமையாகவே நடந்தது. அதன் பின்விளைவாக நன்றாக இருந்த இடக்கண்ணும் போனது. அப்படி ஆகும் வாய்ப்பு சுமார் 14,000இல் 1. நல்ல கண்ணுக்கு ஏதாவது ஆகுமோ என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டே இருந்தும் மருத்துவர் இதைச் சொல்லவில்லை. சொல்லாததற்காகத்தான் அவர் பொறுப்பாளி ஆக்கப்பட்டார். ஆங்கிலச் சட்டத்தில் இதுவும் நெக்லிஜென்ஸில் அடங்கும். ஆனால் தமிழில் கவனக்குறைவு என்றதும் கை நடுங்கியது, மருந்து மாறியது என்றுதான் நமக்குத் தோன்றும். ‘சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை’ என்பது அதற்குள் வராது.

அப்புறம் ‘வழு’, அதாவது பிழை. முன்மொழிந்த ஐயாவுக்கு என் நன்றி, அந்த மடலைப் படித்த பிறகு இரண்டு நாள் அதே யோசனையாக இருந்தேன். இலக்கணத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று இருக்கின்றன அல்லவா? வழுவமைதி என்றால் விதியிலிருந்து விலகியும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்படுவது. 1957இல் இங்கிலாந்தில் போலம் என்பவர் தொடுத்த வழக்கு கிட்டத்தட்ட இதையே பேசுகிறது. மின்னதிர்ச்சிச் சிகிச்சையின்போது தசை தளர்த்தும் மருந்து கொடுக்கவில்லை, அவருக்கு எலும்பு முறிந்தது. ஆனால் அந்த மருந்தைக் கொடுக்காமல் சிகிச்சை செய்வதும் பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாராரின் வழக்கமாக இருந்ததால் போலம் தோற்றார். பின்பு 1997இல் பொலிதோ வழக்கில், அந்தச் சாராரின் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. வழுவமைதிக்குக் காரணம் வேண்டும், அந்தக் காரணமும் சோதனைக்கு நிற்க வேண்டும். இவ்வளவு பொருத்தம் இருந்தும் என்னால் ‘வழு’வை ஏற்க முடியவில்லை. நாமே அதை மென்பொருள் பிழையைக் குறிக்கும் ‘பக்’குக்குக் கொடுத்துப் புழக்கத்தில் விட்டுவிட்டோம். அதைவிட முக்கியமாக, மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவருக்கு அகராதி தேவைப்படக் கூடாது.

இனி என் முன்மொழிவு: மருத்துவக் கடமைத்தவறு.

பிளாக்ஸ்டன் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர் 1768இல் ‘மாலா ப்ராக்ஸிஸ்’ என்ற இலத்தீன் தொடரை எடுத்தாள்கிறார். நேர்பொருள் ‘தீய செய்கை’. அதை அப்படியே பெயர்த்தால் மறுபடி முறைகேட்டில் போய் முட்டுவோம். ஆனால் அது ஏன் தவறு என்பதற்கு அவர் சொல்லும் காரணம், நோயாளி மருத்துவர் மேல் வைத்த நம்பிக்கையை அது உடைக்கிறது என்பது. அந்த நம்பிக்கை மருத்துவர் தோளில் ஏற்றுவதுதான் கடமை. ‘கடமை தவறினார்’ என்று பேச்சில் இயல்பாகச் சொல்கிறோம், கேட்டவுடன் புரிகிறது, யாரையும் திருடன் என்று ஏசவும் இல்லை. ஒற்று மிகுமா என்று கேட்டிருந்தீர்கள்: ‘கடமையில் தவறு’ என்று ஏழாம் வேற்றுமையாக விரிவதால் மிகும் என்றே கொள்கிறேன்.

இந்தச் சொல் கிளைக்கவும் செய்யும். தொழிற்கடமைத்தவறு என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டால், அதன் கீழ் வழக்கறிஞர் கடமைத்தவறும் வரும். காலவரம்பு முடியும்வரை மனுவைத் தாக்கல் செய்யாமல் விட்ட வழக்கறிஞருக்கும் இதே பெயர்தான்.

இழப்பீடு கேட்பதைச் சொல்லும் ‘கிளெய்ம்’ என்பதற்குக் கோரிக்கை வேண்டாம் என்று ஒரு அம்மா எழுதியிருந்ததை முழு மனதோடு ஆதரிக்கிறேன். கோரிக்கை என்றால் மனு எழுதிக் கைகட்டி நிற்பது போல இருக்கிறது. இழப்பீட்டு உரிமைகோரல் என்போம். நீளம்தான், ஆனால் உரிமை என்ற சொல் உள்ளே இருக்க வேண்டும்.

‘காசேஷன்’ (அந்தத் தவறால்தான் சேதம் நேர்ந்ததா என்பது) என்பதற்குக் காரணத் தொடர்பு. மக்கள் அதிகம் இடறி விழும் இடம் இது, கையேட்டில் இதற்கு ஒரு பக்கமே ஒதுக்கியிருக்கிறேன். 1960களில் இலண்டனில் மூன்று இரவுக் காவலாளிகள் தேநீர் குடித்து வாந்தியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். பணியில் இருந்த மருத்துவர் நேரில் வந்து பார்க்கவே இல்லை, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அவர்களில் ஒருவர் இறந்தார். தேநீரில் ஆர்செனிக் கலந்திருந்தது. மருத்துவமனை கடமை தவறியது என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் உடனே பார்த்திருந்தாலும் மாற்று மருந்து உரிய நேரத்தில் கிடைத்திருக்காது, அவர் பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லி இழப்பீட்டை மறுத்தது. கடமைத்தவறு உண்டு, காரணத் தொடர்பு இல்லை. ‘மருத்துவப் பிழை’ என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடினால் இந்த வேறுபாட்டை அந்தக் குடும்பத்துக்கு எப்படிச் சொல்வது?

சரி, சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க, கையேட்டில் சட்ட உதவி பற்றி எழுதிய பத்தியைக் கீழே ஒட்டுகிறேன். திருத்துங்கள்.

“சிகிச்சை பலிக்காததெல்லாம் மருத்துவக் கடமைத்தவறு ஆகாது. கடமைத்தவறு நடந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால் முதலில் மருத்துவமனையிடம் முழு மருத்துவப் பதிவேட்டின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். வீடு திரும்பும்போது தரும் சுருக்கம் மட்டும் போதாது. செவிலியர் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, ஆய்வக முடிவுகள், ஒப்புதல் படிவம் எல்லாம் வேண்டும். எந்த நாளில், எந்த நேரத்தில், யார் என்ன சொன்னார் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள். மூலக் காகிதங்களில் எதையும் கிறுக்காதீர்கள். இந்தத் துறையில் வழக்கு நடத்திப் பழகிய வழக்கறிஞரைப் பாருங்கள். பதிவேட்டை அதே பிரிவைச் சேர்ந்த, இதில் தொடர்பில்லாத ஒரு மருத்துவரிடம் அவர் காட்டுவார். பெரும்பாலும் அந்த வல்லுநர் கருத்தைப் பொறுத்துத்தான் வழக்கு நிற்கும். காலவரம்பு ஒவ்வொரு நாட்டிலும் வேறு. உள்ளே விட்டுவிட்ட பஞ்சு போலப் பின்னால் தெரியவந்த சேதங்களுக்கு, தெரிந்த நாளிலிருந்து எண்ணும் நாடுகளும் உண்டு. எனவே தள்ளிப்போடாதீர்கள். வென்றால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாடு சில நாடுகளில் உண்டு, சில நாடுகளில் அதற்குத் தடை. கட்டணத்தை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மருத்துவமனை சமரசத் தாளை நீட்டினால் வழக்கறிஞர் படிக்கும் முன் கையெழுத்திடாதீர்கள்.”

கணவரை இழந்த அந்த அம்மாவிடம் இந்த வடிவத்தைப் போன வாரம் கொடுத்தேன். ‘கடமைத்தவறு’ என்ற இடத்தில் நிறுத்தி, “இதுதாங்க” என்றார். முழுப் பதிவேடு கேட்டு எழுதும் கடிதத்துக்கு இருவரும் சேர்ந்து வரைவு போட்டோம்.

எனக்கு இன்னும் பிடிபடாமல் இருப்பது ‘ஸ்டாண்டர்ட் ஆஃப் கேர்’, அதாவது மருத்துவரிடம் சட்டம் எதிர்பார்க்கும் கவனிப்பின் அளவு. பராமரிப்புத் தரம் என்றால் படுக்கை விரிப்பு மாற்றுவது வரை போய்விடுகிறது. ‘கவன அளவு’ என்று வரைவில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், நிறைவாக இல்லை. அளவும் வேண்டும், அதைச் சக மருத்துவர்களை வைத்து அளக்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
கையேட்டு மொழிபெயர்ப்பாளர்